ஒரு ஃபார்மாலிட்டிக்கு

சக்கரபாணிக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி ‘ஃபார்மாலிட்டி’. மீதிப் பாதி அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

நிலக்கரி மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் பத்தொன்பது வருடமாக சூப்பர்வைசர். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரும் பன்னிரண்டு பெண்களை மேய்ப்பது வேலை. புதிதாகச் சேர்பவளிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார். எதற்கென்று கேட்டால் ஃபார்மாலிட்டி. மைன்ஸுக்கு நிலம் கொடுத்தவர்கள் பெர்மனென்ட் வேலை கேட்டு மனு எழுதித் தரச் சொல்வார்கள். எழுதுவார், கிடைக்குமா என்றால், ஃபார்மாலிட்டிக்குக் கொடுத்து வைங்க என்பார். சாவு வீட்டில் நாலு நிமிஷம் தலை குனிந்து நிற்பார். வண்டியில் ஏறியதும், ஃபார்மாலிட்டி முடிந்தது என்பார் மனைவியிடம்.

வருடாவருடம் அவருடைய கேட் பாஸைப் புதுப்பிக்க ஒரு தாள் வேண்டும்: தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததற்கான தாள். வகுப்பு எடுத்ததில்லை. பன்னிரண்டு கையெழுத்தையும் தானே போட்டுக்கொள்வார். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகப் போன வருடம் யாரோ சொல்லிவிட்டார்கள். இம்முறை பெண்களிடமே போனார். பாஸ் ஆபீஸ் சீல் வைத்துக் கொடுத்தது ஒரே தாள், கெட்டால் வேறு கிடைக்காது. மதியம் ஒரு மணிக்குள் கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

முதலில் நின்றவள் பொற்கொடி. ஃபார்மாலிட்டிதாம்மா, போடு என்றார்.

“வகுப்பு எடுத்தாச்சுன்னு போட்டிருக்கே சார். எடுங்க, போடறோம்.”

அவள் போடாமல் மற்றவர்களும் போடவில்லை. சக்கரபாணி அந்தத் தாளை வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தார், உரக்க. பெல்ட்டை நிறுத்தும் கயிற்றைத் தொழிலாளர்களுக்கு நேரில் காட்ட வேண்டும் என்றது நாலாவது வரி. நிமிர்ந்து பார்த்தார். தூணை ஒட்டிப் போன ஒன்றைக் காட்டினார்.

“அது கரண்டு பைப்பு சார்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொற்கொடி அவரை நடத்திப் போனாள். பெல்ட்டின் ஓரத்தில், இடுப்பு உயரத்தில், கரி அப்பிய சிவப்புக் கயிறு.

“இத்த இழுத்தா நிக்கும். போன ஆனியில அம்சவல்லி சேலை மாட்டிகினு போச்சே, நான்தான் இழுத்தேன். நீங்க டீ குடிச்சிகினு இருந்தீங்க.”

அன்றைக்கு பெல்ட் நின்றதற்குக் காரணம் பழுது என்று எழுதிக் கொடுத்தவர் சக்கரபாணி.

அவள் தாளை வாங்கி, ‘வகுப்பு எடுத்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ‘கலந்துகொண்டவர்கள்’ என்பதற்குக் கீழே முதல் கோட்டில் விரலை வைத்தாள்.

“நீங்க கத்துகினவரு. இங்க போடுங்க.”

மணி பன்னிரண்டரை. போட்டார். அவருக்குக் கீழே பதினோரு பெண்களும் போட்டார்கள்.

வழியெல்லாம் விளக்கம் தயார் செய்தார்: இடம் மாறிப் போட்டுவிட்டாள், படிக்காத பொம்பளை, அவசரம். பாஸ் ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் பேனா முனையால் எண்ணினார். பன்னிரண்டு. முத்திரை குத்திப் பாஸை வெளியே தள்ளினார். பெயர் எதையும் படிக்கவில்லை.

சக்கரபாணி நகராமல் நின்றார்.

“அதான் வாங்கியாச்சில்ல, நகருங்க” என்றார் பின்னால் நின்றவர்.

தயார் செய்த விளக்கம் அப்படியே வாயில் இருந்தது.