ஆரோக்கியமேரி அக்கா சாப்பிடாத மசால் பூரி

அந்தத் திங்கட்கிழமை காலை ஆபீஸ் டெலிபோன் போர்டில் முதல் அழைப்பை எடுத்து, "குட் மார்னிங்" என்று நான் முடிப்பதற்குள் எதிர்முனையில் ஓர் ஆண் குரல் குறுக்கிட்டது. "ஆரோக்கியமேரியோட தம்பி பேசறேம்மா. அக்கா போயிட்டாங்க. விடியக்காலைல நெஞ்சு வலின்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." பக்கத்தில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. இன்றைக்கு லேட்டாக வருகிறவரை எப்படிக் கிண்டல் பண்ணலாம் என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு மேனேஜர் அறை முதல் வாட்ச்மேன் அறை வரை ஒவ்வொரு இணைப்பாகப் போட்டு நான்தான் செய்தி சொன்னேன்.

நம் ஆபீஸிலேயே உங்களில் பலருக்கு அக்காவின் முகம் தெரியாது, போனில் கேட்ட குரல்தான் தெரியும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் உருது என்று எந்த மொழியில் கூப்பிட்டாலும் அதே மொழியில் சமாதானப்படுத்திக் காக்கவைப்பார். கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு வந்த எனக்குப் பெங்களூரில் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். பத்து வயது வித்தியாசம் உண்டு. சேர்ந்துகொண்டு அடித்த அரட்டையில் அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

அடக்கத்துக்கு நான் வரவில்லை என்று சிலர் வருத்தப்பட்டது காதில் விழுந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். அது பொய். அந்தப் பொய்க்கு முன்னால் இன்னொரு பொய் இருக்கிறது. அதைச் சொல்ல மசால் பூரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வியாழக்கிழமைகளில் அக்கா வேலை முடிந்ததும் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போவார். நானும் ஒட்டிக்கொண்டு போவேன். அவருக்குப் பக்தி, எனக்கு வெளியே பஸ் ஸ்டாப் அருகே நிற்கும் முனிராஜு அண்ணனின் தள்ளுவண்டி. நொறுக்கிய பூரி மேல் கொதிக்கக் கொதிக்கப் பட்டாணி மசாலாவை ஊற்றி, வெங்காயம், கேரட் துருவல், கொத்தமல்லி தூவி, ஒரு கை ஓமப்பொடியைப் போட்டு நீட்டுவார். எங்கள் சம்பளத்துக்கு அதுதான் விருந்து. நான் ஆபீஸ் புலம்பலை ஆரம்பித்தால் அக்கா தட்டைக் காட்டி அதட்டுவார்: "முதல்ல சாப்பிடுடி. கவலைய அப்புறமா சூடு பண்ணிக்கலாம், மசால் பூரிய முடியாது."

போன வருடம் எனக்கு இரண்டாவது முறையாகக் கரு கலைந்தது. முதல் தடவையும் சரி, அந்தத் தடவையும் சரி, தெரிந்தவுடனே ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமாக இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. லீவு முடிந்து திரும்பியதும் அக்கா என்னை அதே வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மட்டும் ஒரு தட்டு சொன்னார். தனக்கு வயிறு சரியில்லை, டாக்டர் காரம் கூடாது என்றுவிட்டார் என்றார். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு எல்லா வியாழக்கிழமையும் அவர் பஸ் ஸ்டாப் கல் திண்டில் உட்கார்ந்து டீ குடிப்பார், நான் சாப்பிடுவேன். "வயசாயிடுச்சுக்கா உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே அவர் முகத்துக்கு நேராகத் தட்டை நீட்டி வாசனை காட்டுவேன். "போடி" என்பார். இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இந்த வருடம் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. ஐந்தாம் மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார் மாமியார், கண் பட்டுவிடும் என்று. பழியை அவர் மேல் போடமாட்டேன். பயம் என்னுடையது. ஆனால் மசக்கைக்கு ரகசியம் தெரியாதே. சோறு இறங்காத நாளிலும் மசால் பூரி இறங்கியது. அக்கா போவதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு தட்டை வழித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்னடி, ஏதாவது விசேஷம் உண்டா?"

"ஒண்ணுமில்லக்கா. மத்தியானம் சாப்பிடல, பசி."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அண்ணா, அவளுக்கு ஓமப்பொடி கூடப் போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளைத்தாய்ச்சி துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அதுதான் அந்தக் காய்ச்சல். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை தனியாக வண்டிக்குப் போனேன். துக்கத்துக்காக இல்லை, பசித்தது. முனிராஜு அண்ணன் தட்டைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், கேட்டா பேஜார் பண்ணிக்காதீங்க, தப்பா நினைக்காதீங்க. விசேஷந்தானே?"

"ஆமாண்ணா."

கரண்டியை வைத்துவிட்டார். "அய்யோ, அக்காகிட்ட சொன்னீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவரே சொன்னார். "அக்கா சாப்பிடறத நிறுத்தினதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. என் கையில ருசி போயிடுச்சாம்மான்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு நல்ல சேதி சொல்ற வரைக்கும் மசால் பூரிய தொடறதில்லன்னு குழந்தை இயேசுகிட்ட நேர்ந்திருக்கேன், வெளிய சொல்லிடாதீங்கன்னாங்க. கடைசியா நீங்க வந்தீங்களே, ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே, நீங்க பஸ் ஏறினப்புறம் நான் ஒரு தட்டு போட்டு நீட்டினேன். அதான் தெரியுதேம்மா, நீங்க சாப்பிடுங்கன்னேன். வேணாண்ணா, அவ வாயால சொல்லட்டும், அடுத்த வாரம் சாப்பிடறேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கையில் தட்டு சூடாக இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். ருசி கொஞ்சமும் குறையவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு இப்போது ஏழாம் மாதம். குழந்தை நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். போர்டில் அக்காவின் நாற்காலிக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அக்காவின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. "என்னடி, ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற அந்தக் குரலை மட்டும் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், பூக்காரம்மா, போனில் ராங் நம்பர் போட்டவர் என்று கேட்காதவர்களிடமெல்லாம் இப்போது சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் சொல்லவில்லை.