கூழ்ப் பானைக்கு ஓர் அனுமதி

எங்கள் ஊர்ச் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் ஓர் ஆற்றங்கரைப் பூங்காவில், பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சும். புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து காரில் அரைமணி நேரம். நீரைத் தொடும் மரங்கள், வாத்துகள், நாயோடு நடப்பவர்கள். அங்கே சத்தம் என்று ஒன்று இருந்தால் அது நாங்கள்தான்.

கவுன்சிலில் அனுமதிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பூங்காவுக்கான விண்ணப்பங்களைப் பதினொரு வருடம் நானே நிரப்பினேன். இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் புதிய தலைவர் எழுந்தார்.

"அண்ணை, உங்களுக்கும் வயசு போட்டுது. இனி ஆறுதலா இருங்கோ. ஃபோர்ம் நிரப்புறது பெரிய வித்தையே? ஆருக்கும் ஏலும்."

கை தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள்.

விண்ணப்பக் கோப்பை அன்றே அவரிடம் ஒப்படைத்தேன். இடத்துக்கு ஒரு படிவம், திறந்த நெருப்புக்கு வேறொன்று. இரண்டும் கோப்பில் இருந்தன, படித்துப் பார்ப்பவருக்கு. அவர் படிக்கவில்லை என்பது, பழைய அலுவலகத்தில் விசாரித்தபோது, எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது; இடத்துக்கு மட்டுமே விண்ணப்பித்திருந்தார். நெருப்புக்கான அனுமதியை என் பெயரில் நானே எடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, கூழ் காய்ச்சும் நாளில் எல்லோருக்கும் முந்திப் போய் ஆற்றோர வாங்கில் அமர்ந்தேன். தலைவர் வந்து என்னைக் கேட்க வேண்டும், எல்லோரும் பார்க்க. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நண்டும் இறாலும் வெந்து, மாவைக் கரைத்து ஊற்றிய நேரத்தில் பூங்காக் காவலர் வந்தார். மரியாதையான பெண். தலைவர் இடத்துக்கான கடிதத்தை நீட்டினார். நெருப்புக்கு அனுமதி எங்கே என்று காவலர் கேட்டார். இல்லையென்றால் உடனே அணைக்க வேண்டும். தலைவர் எங்கள் பண்பாட்டை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். காவலர் வாளியைத் தேடத் தொடங்கினார்.

"இப்ப அணைச்சா கூழில்லை, பசைதான். போஸ்டர் ஒட்டலாம்," என்றார் அகப்பையோடு நின்ற ஓர் அக்கா.

தலைவர் புல்வெளியைக் கடந்து மெதுவாக வந்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து கதையுங்கோவன்."

"ஆருக்கும் ஏலும் எண்டியள்?"

"பிழைதான் அண்ணை."

"பலமாச் சொல்லுங்கோ. வயசு போட்டுதெல்லே, காது கேக்குதில்லை."

பலமாகச் சொன்னார். என் மனைவி வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்த அனுமதியை எடுத்துக் காவலரிடம் கொடுத்தேன். அவர் நிபந்தனைகளை உரக்க வாசித்தார். தணல் ஆறும்வரை ஒருவர் தண்ணீர் வாளியோடு நெருப்பருகே நிற்க வேண்டும். அவர் சமைக்கவோ பரிமாறவோ சாப்பிடவோ கூடாது. அந்த ஒருவரின் இடத்தில் தலைவரின் முழுப் பெயரை, முதலெழுத்துகளோடு, மூன்று கிழமைக்கு முன்பே தட்டச்சு செய்திருந்தேன். காவலர் வாளியைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கூழ் நன்றாக வந்தது. இரண்டாவது கோப்பையை அவர் பக்கத்தில் நின்று குடித்தேன்.

"ஒரு வாய் தந்தாலென்ன அண்ணை? அந்தக் காவல் அம்மா போயிட்டா."

"நிபந்தனை போகேல்லை."

அவர் வாளியைக் கை மாற்றிப் பிடித்தார். நெருப்பு அடங்கிக்கொண்டு வந்தது. குனிந்து இன்னொரு விறகை எடுத்து வைத்தேன்.