மட்டக்கோணும் செங்கோணமும்

முக்கோணம், செங்கோணம், இணைகோடு, எடுகோள், மறுதலை. முப்பதுகளில் நாஞ்சில் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் இந்தச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். அரசாங்க மொழி மலையாளம், மேல்வகுப்புக்கு இங்கிலீஷ் என்றிருந்த காலம். வடிவகணிதம் தமிழுக்கு வராது என்று சிரித்தவர்கள் முன்னால், ஒரு தேற்றத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழிலேயே நிறுவிக் காட்டினேன். இன்றைக்கும் ஒரு பிள்ளை 'செங்கோணம்' என்று சொல்லக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அந்தப் பெருமையால் ஒரு பெண்ணுக்கு நான் செய்த தீங்கையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியப் பயிற்சியின் முடிவில், பிள்ளைகளை உட்காரவைத்து மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். தேர்வாளன் நான். இனயத்திலிருந்து ஒரு மீனவர் மகள் வந்திருந்தாள். அவள் ஊர்ப் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது, தேறினால் அவளுக்குத்தான். தாய்க்குக் கண் தெரியாது. ஊரைவிட்டுப் போவது கஷ்டம்.

பலகையில் முக்கோணம் வரைந்து, உச்சியில் ஓர் இணைகோடு இழுத்தாள். "திரிகோணத்துக்க மூணு கோணும் சேந்தா ரெண்டு மட்டக்கோண். எதுக்குண்ணு பாப்போமா?" பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். நிறுவல் அப்பழுக்கில்லாதது. செங்கோணம் என்னாமல், மலையாளத்தில் சொல்வதுபோல மட்டக்கோண் என்றதற்காக நான் தோல்வி என்று போட்டேன்.

பக்கத்திலிருந்த தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். "பிள்ளையளுக்கு வெளங்கியாச்சுல்லா வே, பெறகென்ன?"

"சொல்லு தெரியாதவளுக்குப் பொருள் எப்படித் தெரியும்?"

"கொத்தனாருக்குச் செங்கோணமுண்ணா தெரியாது. அதுக்கு அவன் கெட்டுன சொவரு சாஞ்சா நிக்கி?"

நான் அசையவில்லை. அவள் அருகே வந்து கேட்டாள்.

"சாரே, எந்தப் படியிலயாக்கும் பிழ?"

"படியில இல்ல. சொல்லுல."

"அப்போ நான் தோத்தது கணக்குலயா, தமிழ்லயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

ஒன்றல்ல. சொல் தெரிந்தவருக்குப் பொருள் தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும், சொல் தெரியாதவருக்குப் பொருள் தெரியாது என்று அதிலிருந்து வராது. மழை பெய்தால் வயல் நனையும். மழை இல்லாவிட்டால் நனையாது என்று சொல்ல முடியுமா, கால்வாய்த் தண்ணீர் இருக்கிறதே என்று அதே வாரம் வகுப்பில் கேட்டவன் நான். அன்று மாலைக்குள் முடிவைத் திருத்தியிருக்கலாம். சொற்கள் என்னுடையவை என்ற நினைப்பு விடவில்லை.

மறுவருஷம் அவள் என் சொற்களையே பிசகாமல் சொல்லித் தேறினாள். அதற்குள் இனயத்து இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். அவளுக்குக் கிடைத்தது கடலைவிட்டுத் தள்ளி மலைப்பக்கத்துத் திற்பரப்பு. தாயையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே போய்வந்த தலைமையாசிரியர்தான் சொன்னார்: அருவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா தலையைத் திருப்பி, "கடலா மக்கா?" என்று கேட்பாளாம். "இல்லம்மா, ஆறாக்கும்" என்பாளாம் மகள்.