கம்பத்துக் கலர்

இன்று வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்டர் பிரைமர் பூசத் தொடங்கியதும், அந்த நெடியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் வந்துவிட்டது.

ஆற்றோர மருதமர நிழலில் ஒரே ஒரு சிமெண்டுப் பலகை. மேலத்தெரு நானும் கீழத்தெருச் செல்வியும் அதில் தோள் உரச உட்கார்ந்து, உதிர்ந்த மருதங்காய்களைக் காலால் உருட்டியபடி, பாலத்தில் பஸ் ஏறும் உறுமலுக்குக் காத்திருப்போம். தேர்தல் நேரத்தில் ஒருநாள் வேட்பாளரின் கார் அங்கே வந்து நின்றது. அவர் எங்கள் தெருப் பையன்களைக் கூப்பிட்டு எங்கள் சாதி நிறத்தில் ஒரு பெயிண்ட் டப்பா கொடுத்தார். அவர்கள் போனதும், கீழத்தெருப் பையன்களுக்கு அவர்கள் சாதி நிறத்தில் ஒன்று. இரண்டு முறையும் அதே சிரிப்பு, அதே பேச்சு.

"ஒங்க கலரு யாருக்கும் எளைச்சதில்லலே. கரண்டு கம்பத்துல பளிச்சின்னு தெரியணும்."

யார் கம்பத்து நிறத்தை யார் அழித்தது என்று பெயிண்ட் காய்வதற்குள் அரிவாள் வந்தது. பலகையை உடைத்தார்கள்.

"இனி இங்கன பஸ் நிக்காது, அவங்கவங்க தெருவுல ஏறிக்கிடுங்க" என்றார் கண்டக்டர்.

அதற்குப் பிறகு செல்வி முன்படியில் ஏறினாள், நான் பின்படியில். தேர்தலில் ஜெயித்ததும் அந்தக் கார்க்காரர்தான்.

"என்ன கலரு அடிக்கட்டும், அக்கா?" என்று பெயிண்டர் அட்டையை நீட்டுகிறார். எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஒரு நிறத்தை அதில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.