அவள் பேருக்கு நேரே ஒரு வெற்றுக் கட்டம்

"…அதனாலதாண்ணே சொல்றேன், அவ பேர வெட்டிராதீங்க. அவளுக்குப் பதிலா என் கையிலயே பாத்துருங்க" என்று சட்டைக் கையை மடித்து நீட்டினார் அந்த மனிதர்.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில்தான் நாங்கள் பிரஷர் பார்ப்போம். அதே ஆட்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, வயது ஏற ஏற யாருக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஆய்வு. நர்ஸ் மிஸ்ஸி அளப்பார். நான் பேர் கூப்பிட்டு மடிக்கணினியில் பதிவேன். அந்த அளவுகளை வைத்துப் போடும் கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மாத்தளையில் வீட்டில் உட்கார்ந்து, வீடியோ பார்த்து, பிழை விட்டுப் பிழை விட்டுப் பிடித்துக்கொண்டதுதான்.

கை நீட்டியவரின் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் பிரஷர் பட்டி இறுகும்போது புருஷனை ஓரக்கண்ணால் பார்த்து, "வீட்டுல ஒருத்தரும் கேக்காத நெஞ்ச இந்த மெஷினாவது கையப் புடிச்சிக் கேக்குதே" என்பாள். மடுவமே சிரிக்கும். புருஷனும் சிரிப்பார். இந்த மாதிரிப் பேச்சுகளைச் சேர்த்து வைப்பது என் வியாதி. அதை அளக்க மெஷின் இல்லை.

தோட்டத்தில் ஒருத்தி தொடர்ந்து வேலைக்கு வராவிட்டால் பேர் பதிவிலிருந்து விழுந்துவிடும். விழாமல் இருக்க வீட்டிலிருந்து இன்னொருவர் அவள் பேருக்குப் போய் நிற்பதுண்டு. அதே வழக்கத்தை அவர் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்.

"பேருக்கு நிக்கிறதுன்னா அவ சேலையையும் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே!" என்றாள் பின்னால் நின்ற பக்கத்து லய வீட்டுக்காரி.

"நீ சும்மா இரு மதினி" என்றார் அவர். கையை மட்டும் மடக்கவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "போன் வர்றதும் கொறஞ்சி போச்சிண்ணே. அவ பேரச் சத்தமாக் கூப்பிடுறது இப்ப இங்க மட்டுந்தான்."

ஆனாலும் அந்தக் கையை ஏற்க முடியாது. அவருக்குப் பிரஷர் அதிகம். அதை அவள் பேரில் போட்டால் குவைத்தில் நல்லபடி இருக்கும் பொம்பிளையை இங்கே நோயாளி ஆக்கிவிடுவோம்.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். புள்ளி புள்ளியாக அவள் வந்த நாட்கள். அவற்றை ஒட்டி ஒரு கோடு. அவள் போன பிறகு புள்ளிகள் இல்லை, கோடு மட்டும் தனியாகப் போகிறது. அதைச் சுற்றி ஒரு மங்கல் நிழல்.

"வராதவங்கள நாங்க வெட்டுறதில்ல. வந்தப்போ அவங்க குடுத்த அளவும், அவங்கள மாதிரி மத்த பொம்பிளைங்களோட அளவும் சேந்து, இப்ப எப்படி இருப்பாங்கன்னு ஒரு மதிப்புச் சொல்லும். ஏன் வரலைங்கிறதையும் எழுதுவோம். சொகமில்லாமப் படுத்தவங்களும் வெளிநாடு போனவங்களும் ஒண்ணில்லையே. ஆனா பொய்யா ஒரு நம்பரப் போட்டா எல்லாமே கொழம்பிரும். வெறுங்கட்டம்தான் நல்லது."

அவர் நிழலை விரலால் தடவினார். "இது ஏன் போகப் போக அகலமாகுது?"

"பாக்காம இருக்க இருக்க நமக்கு நிச்சயம் கொறையுது. அதான்."

"அவ வந்து ஒரு தடவ கையக் குடுத்தா?"

"அந்த எடத்துல ஒடுங்கிரும்."

என் மகளும் கடல் தாண்டித்தான் இருக்கிறாள். அந்த நிழலைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, அவளை நினைத்தபடி நான் உட்கார்ந்த மாலைகள் உண்டு.

"அண்ணே, அப்ப அவ பேர இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றார்.

மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவள் பேரை நன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டேன். வெளியே மிளகுக் கொடிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வரலீங்க" என்றார் அவர். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். அடுத்தது அவர் முறை என்பதால் மதினி முதுகில் தள்ளினாள். அவர் நகரவில்லை, வரிசையில் தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அப்படியே நின்றார்.