நாற்காலிக்கு இழுபட்ட மெர்வின்

மெர்வின் ஹோலவாட்டி ஐந்து முறை கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். ஐந்து முறையும் சாப்பிட்டே ஜெயித்தார். தொகுதியில் எந்தச் சர்ச்சில் கோழி விருந்து நடந்தாலும் முதல் தட்டு அவருடையதுதான். யார் செத்தாலும் முட்டை சாண்ட்விச்சும் கையுமாக நின்று, "நல்ல மனுஷன், போயிட்டாரே" என்பார். செத்தது பெண்ணாக இருந்த இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். ஊர் சிரித்தது, ஓட்டும் போட்டது.

ஆனால் இருபது வருஷமாக எதிர்க்கட்சியின் கடைசி வரிசைதான். மந்திரி பதவியின் வாசனைகூட அடிக்கவில்லை. தாழ்வாரத்தில் பழைய சபாநாயகர்களின் படங்கள் தொங்குகின்றனவே, அந்த வரிசையில் கறுப்பு அங்கியோடு தன் மூஞ்சியும் தொங்கவேண்டும் என்று மனுஷருக்கு உள்ளூர ஒரு நப்பாசை.

அதற்கும் வேளை வந்தது. ஆளுங்கட்சிக்காரரான சபாநாயகர் உடம்புக்கு முடியாமல் பதவியையும் எம்.எல்.ஏ. இடத்தையும் விட்டுப் போனார். இப்போது இரண்டு தரப்பும் சரிசமம். அந்த வாரம்தான் மெர்வினின் ஊர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவை மூடும் அரசு மசோதா ஓட்டுக்கு வரவிருந்தது. ஓட்டு சமமானால் தவிர சபாநாயகருக்கு ஓட்டுக் கிடையாது. தன் ஆளை உட்காரவைத்தால் மசோதா ஒரு ஓட்டில் தோற்கும், எதிர்க்கட்சி ஆளை உட்காரவைத்தால் ஒரு ஓட்டில் ஜெயிக்கும் என்று முதல்வர் கணக்குப் போட்டார்.

"மெர்வ், அந்த அங்கி உனக்கு எடுப்பா இருக்கும்பா," என்றார் போனில்.

மெர்வினின் மனைவி டார்லீன் அந்த அவசரப் பிரிவில்தான் நர்ஸ். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பனியில் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

"நாற்காலில ஏறினா உன் ஓட்டு போச்சு. தெரிஞ்சுதான் கூப்பிடுறான்."

"ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுது?"

"ஒரு ஓட்டுலதான்யா எல்லாமே ஆகப்போகுது."

மெர்வின் கேட்டாரா? போட்டிக்கு ஆளே இல்லாமல் தேர்வானார்.

அன்று டார்லீன் இரண்டு பஸ் நிறைய ஊரைக் கூட்டிவந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். புது சபாநாயகர் மாட்டேன் என்று பிகு பண்ணவேண்டும், முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போகவேண்டும். அதுதான் வழக்கம். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ராஜாவுக்குக் கோபம் வந்தால் சபாநாயகரின் தலை போகுமாம். இப்போது மானம் மட்டும்தான்.

மெர்வின் ஒத்திகை பார்த்த கூச்சத்தோடு நாலடி வந்தார். மேலே பார்த்தார். நர்ஸ் உடுப்போடு டார்லீன். கையை உதறினார்.

"எனக்கு வேணாம். நெஜமாத்தான் சொல்றேன், விடுங்கய்யா."

சபை குலுங்கிச் சிரித்தது.

"என்னமா நடிக்கிறாரு பாரு," என்றது பின்வரிசை.

எதிர்க்கட்சித் தலைவர் அவர் கையை முறுக்கினார். "கேட்டு வாங்கினியே துரோகி, இப்ப என்ன நாடகம்? போய் உக்காரு." நம்பியிருந்தால் அவரே கையை விட்டிருப்பார். யார் நம்பினார்கள்? மெர்வின் காலை ஊன்றினார், திமிறினார், ஒரு ஷூ கழன்று கம்பளத்தில் கிடந்தது. கைதட்டலுக்கு நடுவே அவரை நாற்காலியில் அமுக்கினார்கள்.

ஒரு மணி நேரத்தில் மசோதா ஒரே ஓட்டில் ஜெயித்தது. மாடம் கொந்தளித்தது.

"எங்க ஆஸ்பத்திரிய வித்துட்டியே, பாவி!"

சபைச் செயலர் குனிந்து காதில் சொன்னார்: "மாடத்தைக் காலி பண்ணச் சொல்லணும் சார். அது உங்க பொறுப்பு."

மெர்வின் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். "மாடத்துல இருக்கறவங்க... வெளிய போகணும்."

காவலர்கள் தயங்கி நின்றார்கள். டார்லீன்தான் முதலில் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"வாங்க, போலாம். அவரு வேலைய அவரு பாக்கட்டும்."

கதவு சாத்தும்வரை மெர்வின் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த மசோதாவின் பெயரைப் படித்தார்.