ஊசி மிதந்த நாள்

பொத்தான் தைக்க ஊசியை எடுத்தேன். துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய தேங்காய் எண்ணெய் விரலில் பிசுபிசுத்தது. அந்த வாசனையில் எழுபதுகளின் மலையாள எல்லையோரத்து மீனாட்சிபுரம் வந்துவிட்டது.

அக்கா அப்போதுதான் பத்தாவது தேறியிருந்தாள். பக்கத்துச் சித்தூருக்கு பஸ்ஸில் போய், கல்லூரியில் ப்ரீ டிகிரி படிக்க வேண்டும் என்று நின்றாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அப்பா, "ஊசி தண்ணியில மெதக்கட்டும் கண்ணு, அனுப்பறேன்" என்றார்.

அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊசியை எண்ணெய்த் தலையில் தேய்த்து, செய்தித்தாள் துண்டின்மேல் படுக்க வைத்து, தண்ணீரில் மெல்ல விட்டாள். காகிதம் ஊறி மூழ்கியது. ஊசி மேலேயே நின்றது. அதன் அடியில் தண்ணீர் லேசாகக் குழிந்திருந்தது.

"தண்ணிக்கு மேல தோலாட்ட ஒன்னு இருக்குதுங்கப்பா. மெதுவா வெச்சா ஊசி அதைக் கிழிக்காதுங்க. எண்ணெ இருக்கறதால நனையவும் நனையாதுங்க."

அப்பா குனிந்து ஊதிப் பார்த்தார். ஊசி ஓரத்துக்கு நகர்ந்ததே தவிர முழுகவில்லை.

"ஏனுங்க, சொன்ன சொல்லு என்னாச்சுங்க?" என்று அம்மா சிரித்தாள். அப்பா தவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பஸ் நேரம் விசாரிக்கக் கிளம்பினார்.

அக்காவை முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், பால் சொசைட்டியில் பால் ஊற்ற நின்றவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, "எம்புள்ள சயன்ஸ் படிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.